யூடியூப்தான் மியூசிக் சேனல்களைக் கொன்றதா?

அரைத்தூக்கம்:

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி, இங்கே பழைய ஆட்கள் யாராவது பதில் சொல்வார்கள் என்று நம்பிக் கேட்கிறேன்.

2025 டிசம்பர் 31-ஆம் தேதியோடு பிரிட்டனில் எம்டிவி மியூசிக், எம்டிவி 80ஸ், எம்டிவி 90ஸ், கிளப் எம்டிவி, எம்டிவி லைவ் என்று ஐந்து சேனல்களை இழுத்து மூடினார்கள் இல்லையா, அன்றைக்கு என் டைம்லைன் முழுக்க எம்டிவிக்கு இரங்கல் பதிவுகள்தான். ஒருத்தர் விடாமல் மெழுகுவத்தி ஏற்றினார்கள். அப்புறம் விசாரித்தால், எம்டிவி என்ற மூலச் சேனல் கல்லுமாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டு மட்டும் போட்டுக்கொண்டிருந்த கிளைச் சேனல்களைத்தான் வெட்டியிருக்கிறார்கள்! அதாவது பாட்டு போடாத எம்டிவி பிழைத்துக்கொண்டது, பாட்டு போட்ட எம்டிவி போய்விட்டது.

எல்லாரும் பழியை யூடியூப் மேல் போடுகிறார்கள். வேண்டிய பாட்டை வேண்டிய நேரத்தில் பார்க்க முடிகிறபோது யார் டிவி முன்னால் காத்திருப்பார்கள் என்கிறார்கள், கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு நினைவு தெரிந்து, வீட்டில் இன்டர்நெட் சரியாக வருவதற்கு முன்பே அந்தச் சேனல்களில் பாட்டு குறைந்துபோயிருந்தது. எப்போது வைத்தாலும் யாரோ நாலு பேர் ஒரு வீட்டுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். என் நினைவு தப்பா? பெயரிலேயே மியூசிக்கை வைத்துக்கொண்டு ஒரு சேனல் எதற்காக மியூசிக்கைக் கைவிட வேண்டும்?

பழைய ஆன்டெனா:

உங்கள் நினைவு சரிதான். யூடியூப் வந்தது 2005-ல். எம்டிவி 'தி ரியல் வேர்ல்ட்' என்ற ரியாலிட்டி தொடரை ஆரம்பித்தது 1992-ல். நடுவில் 13 வருடம் இருக்கிறது. செத்து 13 வருடம் கழித்து ஊருக்குள் வந்தவன் மேல் கொலைக் கேஸ் போட முடியாது.

காரணம் புரிய வேண்டுமென்றால் இந்தத் தொழில் எப்படி ஆரம்பித்தது என்று பார்க்க வேண்டும், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்டிவி 1981 ஆகஸ்ட் 1 அன்று நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடத்தில் தொடங்கியது. ராக்கெட் கிளம்பும் காட்சி, நிலவில் கொடி, அதன் பிறகு தி பகிள்ஸ் குழுவின் 'வீடியோ கில்ட் தி ரேடியோ ஸ்டார்'. இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். தெரியாத பாதி இது: வார்னரும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸும் சேர்ந்து நடத்திய அந்தச் சேனலை அன்றைக்கு மன்ஹாட்டனில் பார்க்கவே முடியாது, கேபிளில் வரவில்லை. நியூஜெர்சியின் வடபகுதியில் சில கேபிள்களில்தான் தெரிந்தது, அதனால் சேனலை நடத்தியவர்களே ஆற்றைத் தாண்டி ஃபோர்ட் லீ என்ற ஊரில் ஒரு உணவகத்தில் கூடித் தங்கள் சொந்தச் சேனலின் திறப்பு விழாவைப் பார்த்தார்கள். முதல் நாள் ஒளிபரப்பு பெரிய கூத்து. ஒரு டேப்பை எடுத்து அடுத்ததைப் போடும் இடைவெளியில் திரை கறுத்துப்போகும், விஜேக்கள் (பாட்டுக்கு நடுவே வந்து பேசும் தொகுப்பாளர்கள்) பேசிப் பதிவுசெய்த துண்டுகள் வரிசை மாறி வந்தன. கையிருப்பில் வீடியோக்களும் குறைவு, அதனால் ராட் ஸ்டூவர்ட் முகம் திரும்பத் திரும்ப வந்து நின்றது.

சரி, அந்த வீடியோக்கள் எங்கிருந்து வந்தன? இசைத்தட்டு நிறுவனங்கள் சும்மா கொடுத்தன. இதுதான் முழு வியாபாரத்துக்கும் அச்சாணி. வானொலிக்கு விளம்பரத் தட்டு அனுப்புகிற மாதிரி, இதுவும் விளம்பரம்தானே என்று கொடுத்தார்கள் (பாலிகிராம், எம்சிஏ போன்ற ஓரிரு நிறுவனங்கள் முதலில் முறுக்கிக்கொண்டு நின்றன, பிறகு வந்தன). ஒரு டிவி சேனலுக்கு ஆகிற செலவில் பெரும்பகுதி நிகழ்ச்சி தயாரிப்புதான், இங்கே அது கிட்டத்தட்ட பூஜ்யம். ஐந்து விஜேக்கள், ஒரு செட், அடுத்தவன் காசில் எடுத்த படங்கள், நடுநடுவே விளம்பரம்.

ஆனாலும் கேபிள்காரர்கள் சேர்க்க மறுத்தார்கள், அதற்காக 1982-ல் 'ஐ வான்ட் மை எம்டிவி' என்று ஒரு விளம்பரம். மிக் ஜாகர், டேவிட் போவி மாதிரி ஆட்களே திரையில் தோன்றி, உங்கள் கேபிள் நிறுவனத்துக்கு ஃபோன் போட்டு எம்டிவி வேண்டும் என்று கேளுங்கள் என்றார்கள். பிள்ளைகள் ஃபோன் போட்டே கேபிள்காரர்களைச் சாகடித்தார்கள், சேனல் வீடு வீடாக நுழைந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சேனல் வளர்ந்த பிறகு இரண்டு ஓட்டை தெரிந்தது. ஒன்று ரேட்டிங். ஒரு நேயர் எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்கார்ந்திருக்கிறார் என்பதை வைத்துத்தான் விளம்பரக் காசு. அரைமணி நேரத் தொடர் என்றால் கதை முடியும்வரை ஆள் நகர மாட்டார். பாட்டுச் சேனலில் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை, போக விரும்புகிறவர்கள் போகலாம் என்று நீங்களே கதவைத் திறந்து விடுகிறீர்கள். பிடிக்காத பாட்டு வந்தால் ரிமோட்டில் கட்டைவிரல் போய்விடும். ஒரு ராக் பாட்டுக்கு அப்புறம் ஒரு காதல் பாட்டு போட்டாலே பாதிக் கூட்டம் காலி.

இரண்டாவது, சரக்கு சொந்தமில்லை. பாட்டு இசை நிறுவனத்துடையது. எம்டிவி அதை மறு ஒளிபரப்புக்கு விற்க முடியாது, வெளிநாட்டுச் சேனலுக்குக் கொடுக்க முடியாது, கேசட் போட்டுக் கடையில் வைக்க முடியாது. அதே பாட்டைப் பக்கத்துச் சேனலும் போடலாம். இதைத் தடுக்கத்தான் 1984-ல் சில பெரிய நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்து, புது வீடியோவைக் கொஞ்ச நாள் எங்களுக்கு மட்டும் தாருங்கள் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அதாவது மூன்றே வருடத்தில் இலவசச் சரக்குக்கு விலை முளைத்துவிட்டது. 'ரியல் வேர்ல்ட்' பிறந்த கதையும் கணக்கு வழக்குதான். முதலில் இளைஞர்களுக்கு ஒரு நாடகத் தொடர் எடுக்கத்தான் யோசித்தார்கள். எழுத்தாளர், நடிகர் சம்பளம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் கட்டுப்படியாகவில்லை. எழுத்தும் வேண்டாம் நடிப்பும் வேண்டாம், முன்பின் தெரியாத ஏழு பேரை நியூயார்க்கில் ஒரு வீட்டில் போட்டு கேமராவை ஓடவிடுவோம் என்று முடிவானது. மலிவு, ஆள் உட்கார்ந்து பார்க்கிறார், முக்கியமாக அது எம்டிவிக்கே சொந்தம். இதற்கப்புறம் பாட்டு போட யாருக்கு மனசு வரும்?

ரிமோட் ராணி:

ஆன்டெனா சார் சொன்னதில் எனக்குப் பாதிதான் சம்மதம். 1992-லேயே செத்துப்போச்சு என்பது ரொம்ப ஓவர். 1998-ல் ஆரம்பித்த 'டோட்டல் ரிக்வெஸ்ட் லைவ்' நிகழ்ச்சியை மறந்துவிட்டீர்களா? டைம்ஸ் ஸ்கொயர் ஸ்டூடியோவுக்குக் கீழே ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக நின்று கத்துவார்கள், நேயர்கள் ஓட்டுப் போட்டு முதல் பத்து பாட்டு. பிரிட்னி, பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ், எமினெம் எல்லாம் அங்கே வைத்துத்தான் ஊதிப் பெரிதானார்கள். 2008 வரை ஓடியது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், அதில் பாட்டை முழுசாகப் போட மாட்டார்கள். கொஞ்ச நேரம் ஓடும், மேலே ஒரு பெண் வந்து ஐ லவ் யூ என்று அலறுவாள், பாட்டு முடிந்துவிடும். பாட்டு நிகழ்ச்சியிலேயே பாட்டுக்கு இடமில்லை :)

விஎச்1 சேனலின் 'பாப்-அப் வீடியோ'வும் (1996) அப்படித்தான். பழைய வீடியோவை ஓடவிட்டு, அதன் மேல் குமிழி குமிழியாகத் துணுக்குச் செய்தி போடுவார்கள், இந்தக் காட்சியில் வரும் நாய் யாருடையது என்கிற ரேஞ்சில். எனக்கு ரொம்பப் பிடித்த நிகழ்ச்சி அது. இப்போது யோசித்தால், வெறும் பாட்டை வைத்து ஆளை நிறுத்த முடியவில்லை என்று அவர்களே ஒத்துக்கொண்ட மாதிரி தெரிகிறது.

டேப் சுற்றி:

எல்லாரும் எம்டிவியிலேயே நிற்கிறீர்கள். காசைப் போட்டுப் பாட்டைப் பார்ப்பது என்பது அதற்கு 40 வருடம் முந்திய சமாசாரம்.

1940-களில் அமெரிக்காவில் பனோரம் என்று ஒரு பெட்டி, மதுக்கடை, உணவகம், ரயில் நிலையம் மாதிரி இடங்களில் இருக்கும். உள்ளே 16 மி.மீ. ஃபிலிம் ஓடும், மூன்று நிமிடப் பாட்டுப் படங்கள், அவற்றுக்கு சவுண்டீஸ் என்று பெயர். ஒரு சுருளில் எட்டுப் படம், முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். காசு போட்டால் அந்த நேரத்தில் எது வரிசையில் இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு. பிடித்தது வேண்டுமென்றால் மேலும் மேலும் காசு போட்டுக்கொண்டே போக வேண்டும். 1960-ல் ஃபிரான்சில் ஸ்கோபிடோன் வந்தது, அதில் 36 படம், பட்டனை அழுத்தி நீங்களே தேர்ந்தெடுக்கலாம், கலரில். ஆக, தேர்வு இல்லாத பெட்டி, பிறகு தேர்வு உள்ள பெட்டி. அப்புறம் எம்டிவி, மறுபடி தேர்வு இல்லை. அப்புறம் யூடியூப், மறுபடி தேர்வு. இந்தச் சக்கரம் இரண்டாவது சுற்று வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நடுவில் யாருக்கும் நினைவில்லாத ஒன்று உண்டு: 1985-ல் மயாமியில் ஆரம்பித்த வீடியோ ஜூக்பாக்ஸ் நெட்வொர்க், பின்னாளில் பெயர் தி பாக்ஸ். திரையில் பாட்டுகளின் எண் ஓடும், கட்டண ஃபோன் எண்ணைக் கூப்பிட்டு உங்களுக்கு வேண்டிய எண்ணை அழுத்தினால் வரிசையில் அந்தப் பாட்டு வந்துவிடும். அந்தந்த ஊர்க் கேபிளுக்கென்று தனித்தனியாகக் கருவி வைத்திருந்ததால் ஒவ்வொரு ஊரிலும் வேறு வேறு பாட்டு. எம்டிவி தொடத் தயங்கிய ராப் பாட்டுகளெல்லாம் அங்கே பிய்த்துக்கொண்டு போயின, ஏனென்றால் முடிவு செய்தது காசு கொடுத்தவன். கடைசியில் எம்டிவியின் தாய் நிறுவனமே அதை வாங்கி, 2001 தொடக்கத்தில் எம்டிவி2 சேனலுக்குள் கரைத்துவிட்டது. எம்டிவியில் பாட்டு இல்லை என்று ஜனங்கள் முணுமுணுத்ததால் 1996-ல் பாட்டுக்காகவே ஆரம்பித்த சேனல்தான் அந்த எம்டிவி2, அதிலும் கொஞ்ச காலத்தில் பாட்டு குறைந்தது என்பது வேறு விஷயம்.

டிவியிலும் அமெரிக்காக்காரன் முதல் ஆள் இல்லை. பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' 1964-லிருந்து, ஆஸ்திரேலியாவில் 'கவுன்ட்டவுன்' 1974-லிருந்து. குயீன் குழு 1975-ல் 'பொஹீமியன் ராப்சடி'க்கு வீடியோ எடுத்தது எதற்காக? அந்தப் பாட்டுக்கு மேடையில் நின்று வாயசைத்தால் எடுபடாது என்று, 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சிக்காக எடுத்தார்கள். 81-ல் எம்டிவி கதவைத் திறந்தபோது கையில் வீடியோ தயாராக வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் குழுக்கள், அதனால்தான் டுரான் டுரான் மாதிரி ஆட்கள் அமெரிக்காவில் அப்படி அடித்து நொறுக்கினார்கள். அமெரிக்கக் குழுக்கள் அப்போதுதான் கேமரா வாடகைக்குத் தேடிக்கொண்டிருந்தன.

இன்னொன்று, ஆன்டெனா சொன்ன சரக்குப் பிரச்சினைக்கு வேறு நாடுகள் வேறு வழி கண்டுபிடித்தன. கனடாவின் மச்மியூசிக் (1984 ஆகஸ்ட்) சேனல், உள்ளூர்ப் பாட்டு போட்டாக வேண்டும் என்ற விதியோடு உரிமம் வாங்கியது. ஆனால் போடுவதற்கு வீடியோவே இல்லை! அதனால் கனடா நாட்டுக் கலைஞர்கள் வீடியோ எடுக்க நிதி கொடுக்கும் வீடியோஃபாக்ட் என்ற அமைப்புக்குச் சேனலே பணம் போட்டது. ஜெர்மனியில் வீவா (1993 டிசம்பர் 1) சேனலுக்குப் பின்னால் நின்றவர்களே டைம் வார்னர், சோனி, பாலிகிராம், ஈஎம்ஐ ஆகிய இசை நிறுவனங்கள். எம்டிவி யூரோப் முழுக்க ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தபோது இவர்கள் ஜெர்மன் பாட்டு போட்டார்கள், முதல் பாட்டே ஜெர்மன் ராப். எம்டிவிக்கு மூச்சு முட்டிப்போய் அவர்களும் ஜெர்மன் பேச ஆரம்பித்தார்கள். 2004-ல் அந்த வீவாவையும் எம்டிவியின் தாய் நிறுவனமான வயாகாம் வாங்கியது, 2018 கடைசி நாளில் மூடியது.

அரைத்தூக்கம்:

அடேயப்பா. ஒரு கேள்வி கேட்டால் நாற்பதுகளுக்கே கூட்டிப் போய்விட்டீர்கள்.

அந்த எட்டுப் படச் சுருள் விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நானும் அப்படித்தான், ஒரு பாட்டுக்காகச் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, கடைசியில் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அது வந்து போயிருக்கும்.

ஒரு துணைக்கேள்வி. டேப் சுற்றி போகிற போக்கில், எம்டிவி ராப் போடத் தயங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். மைக்கேல் ஜாக்சனையே முதலில் போடவில்லை என்று எங்கோ படித்தேன். உண்மையா, இல்லை பிற்பாடு கட்டிவிட்ட கதையா?

மூன்றாம் வரிசை:

கதை இல்லை. கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

கறுப்பினக் கலைஞர்கள் ஒருவர்கூட வரவில்லை என்று சொல்வது தப்பு, 'பாஸ் தி டச்சி' பாடிய மியூசிக்கல் யூத் மாதிரிச் சிலர் வந்தார்கள். ஆனால் விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்களுடையது ராக் சேனல், அதனால் ராக் போடுகிறோம் என்பது சேனல் சொன்ன நியாயம். ரேடியோக்காரர்கள் கொண்டுவந்த பழக்கம் அது, அமெரிக்க வானொலியில் ராக் நிலையம் தனி, கறுப்பின இசை நிலையம் தனி. அந்தச் சுவரை அப்படியே பெயர்த்து டிவியில் நட்டுவிட்டார்கள். ரிக் ஜேம்ஸ் பாட்டை எடுக்க மறுத்தார்கள், அவர் பத்திரிகைகளில் வெளிப்படையாகத் திட்டினார். 1983-ல் டேவிட் போவி பேட்டிக்கு வந்தபோது, பேட்டி எடுத்த விஜே மார்க் குட்மனைத் திருப்பிக் கேள்வி கேட்டார்: ஏன் இத்தனை குறைவாக வருகிறார்கள், வந்தாலும் ஏன் நடுராத்திரிக்கு மேல் வருகிறார்கள்? சின்ன ஊர்களில் இருக்கும் நேயர்கள் மிரண்டுவிடக்கூடும் என்கிற தோரணையில் பதில் வந்தது. அந்தப் பேட்டி இப்போதும் இணையத்தில் சுற்றுகிறது, பாருங்கள், போவியின் முகத்தையும் கவனியுங்கள். கோபமே காட்டாமல் மடக்குவார்.

ஜாக்சனின் 'பில்லி ஜீன்' எம்டிவியில் வந்தது 1983 மார்ச்சில். ஜாக்சனின் பாட்டுகளை வெளியிட்ட சிபிஎஸ் ரெக்கார்ட்ஸ் தலைவர் வால்டர் யெட்னிகாஃப், இதைப் போடாவிட்டால் எங்கள் வீடியோ எதையும் தர மாட்டோம் என்று மிரட்டியதாகச் சொல்வார்கள். அன்றைய எம்டிவி நிர்வாகிகள் சிலர் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுத்திருக்கிறார்கள். எது எப்படியோ, போட்டார்கள், சேனலுக்கும் அவருக்கும் சேர்த்தே யோகம் அடித்தது. அதே வருடம் டிசம்பரில் 'த்ரில்லர்', கிட்டத்தட்ட 14 நிமிடம். அதில் ஒரு தந்திரம் கேளுங்கள்: வீடியோவுக்குக் காசு கொடுப்பதில்லை என்பது சேனலின் கொள்கை, ஆனால் 'த்ரில்லர்' வேண்டும். அதனால் அதை எடுத்த விதத்தைக் காட்டும் ஆவணப்படத்துக்கு என்று சொல்லிக் காசு கொடுத்தார்கள். கொள்கையும் பிழைத்தது, பாட்டும் கிடைத்தது.

'யோ! எம்டிவி ராப்ஸ்' 1988-ல்தான் வந்தது. அதற்கு முன்பே, கறுப்பின நேயர்களுக்கான பிஇடி சேனல் எண்பதுகளின் தொடக்கத்திலிருந்தே 'வீடியோ சோல்' என்ற பாட்டு நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தது, வரலாறு எழுதுகிறவர்கள் அதை ஏனோ தாண்டிப் போய்விடுகிறார்கள். ராப் நிகழ்ச்சி வந்ததும் அதன் ரேட்டிங் பார்த்துச் சேனல்காரர்களே அசந்துபோனார்கள். ஏழு வருடம் எந்த ஊர் நேயர் பயப்படுவார் என்று நினைத்தார்களோ, அந்த ஊர்ப் பிள்ளைகள்தான் உட்கார்ந்து பார்த்தார்கள்.

ரிமோட் ராணி:

போட்டிச் சேனல் யாரும் ஆரம்பிக்கவில்லையா என்று யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், என் ஃபேவரிட் கதை அது. சிஎன்என் ஆரம்பித்த டெட் டர்னர் 1984 அக்டோபர் 26-ல் கேபிள் மியூசிக் சேனல் என்று ஒன்றைத் தொடங்கினார். எம்டிவியில் ஆபாசம் அதிகம், நான் சுத்தமான பாட்டு போடுகிறேன் என்றார். நவம்பர் 30-ல் கடையைக் கட்டினார்! ஐந்தே வாரம். மிச்சத்தை எம்டிவியிடமே விற்றார், அவர்கள் அந்த இடத்தில் 1985 ஜனவரி 1 அன்று விஎச்1 சேனலைக் கொண்டுவந்து வைத்தார்கள், வயதில் கொஞ்சம் மூத்தவர்களுக்கு. என் வீட்டு நூடுல்ஸ் பாக்கெட்டுக்கே அதைவிட ஆயுள் அதிகம்.

கத்தரிக்கோல்:

லேட்டாக வருகிறேன். சில வருடம் ஒரு பாட்டுச் சேனலில் எடிட்டிங் மேசையில் இருந்தவன் (எது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்), உள்ளிருந்து பார்த்ததைக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

வெளியில் இருப்பவர்கள் நினைக்கிற மாதிரி விஜே மனதுக்குப் பிடித்ததைப் போடுவதில்லை. ரொட்டேஷன் என்று ஒரு கணக்கு, வானொலியிலிருந்து வந்ததுதான். ஹெவி, மீடியம், லைட் என்று பாட்டுகளைப் பிரித்து வைத்திருப்போம். ஹெவியில் இருப்பது ஒரு நாளில் பல தடவை வரும், லைட்டில் இருப்பது எப்போதாவது எட்டிப் பார்க்கும். ஒரே பாடகர் அடுத்தடுத்து வரக் கூடாது, காலையில் சோகப் பாட்டு கூடாது, ஒரு மணி நேரத்தில் பழைய பாட்டு இத்தனைக்கு மேல் கூடாது என்று விதிகளை ஏற்றி வைத்தால் சாஃப்ட்வேரே பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். வாராவாரம் திங்கட்கிழமை கூட்டம், எது மேலே ஏறுகிறது எது இறங்குகிறது என்று. அந்தக் கூட்டத்தில்தான் பாட்டுகளின் தலையெழுத்து முடிவாகும். ஒரு புதுக் குழு லைட்டிலிருந்து மீடியத்துக்கு ஏறினால், இசை நிறுவனத்திலிருந்து எங்களுக்கு வரும் ஃபோனின் குரலே மாறிவிடும்.

பிற்பாடு செலவைக் குறைக்க முதலில் போனது விஜே. அடுத்தது செட். கடைசியில் ஒரு சர்வர், அந்தப் பட்டியல், மூலையில் லோகோ, கீழே எழுத்து ஓடும் பட்டை, இவ்வளவுதான் சேனல். இரவு ஷிஃப்டில் நான் ஒருத்தன் மட்டும் உட்கார்ந்திருப்பேன், எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அரைத்தூக்கம் சொன்ன அந்த மூடிய கிளைச் சேனல்கள் எல்லாம் இந்த வகைதான். நடத்த அதிகம் செலவில்லை, ஆனால் வருமானமும் இல்லை. ஆள் இல்லாத சேனலும் யூடியூப் ப்ளேலிஸ்டும் ஒன்றுதான் என்று ஆகிவிட்ட பிறகு, யூடியூப்பில் பட்டனாவது இருக்கிறது. யூடியூப் கொல்லவில்லை என்பதை நானும் ஏற்கிறேன், ஆனால் திரும்பி வர முடியாதபடி கதவைச் சாத்தியது அதுதான், அதை மறுக்க வேண்டாம்.

சொந்தச் சரக்கு இல்லை என்று ஆன்டெனா சொன்னதற்கு ஒரு நல்ல சாட்சி 'பீவிஸ் அண்ட் பட்ஹெட்' கார்ட்டூன். 1993-ல் எம்டிவியே எடுத்தது, இரண்டு மண்டூகங்கள் சோபாவில் உட்கார்ந்து பாட்டு வீடியோக்களைப் பார்த்து நக்கலடிப்பார்கள், அதுதான் நிகழ்ச்சியின் உயிர். அதை டிவிடி போட நேரம் வந்தபோது அந்த வீடியோக்களில் பெரும்பாலானவற்றை வெட்டிவிட்டுத்தான் போட முடிந்தது, உரிமை கிடைக்கவில்லை. தன் சொந்தக் கார்ட்டூனைக்கூட முழுசாக விற்க முடியாத நிலை.

சும்மா கொடுத்து ஏமாந்தோம் என்று இசை நிறுவனங்களுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். 2009 டிசம்பரில் யூனிவர்சல், சோனி இரண்டும் சேர்ந்து வீவோ ஆரம்பித்து, யூடியூப்பிலேயே தங்கள் பாட்டுக்குத் தாங்களே விளம்பரம் போட்டுக் காசு பார்த்தார்கள். இரண்டே மாதத்தில், 2010 பிப்ரவரியில், எம்டிவி தன் லோகோவுக்குக் கீழே இருந்த 'மியூசிக் டெலிவிஷன்' என்ற எழுத்தை எடுத்துவிட்டது. அன்றைக்கு எங்கள் ஆபீசில் யாரும் ஆச்சரியப்படவில்லை. இத்தனை நாள் அது எதற்கு அங்கே இருந்தது என்றுதான் ஒருத்தர் கேட்டார்.

பழைய ஆன்டெனா:

கத்தரிக்கோல், கதவைச் சாத்தியது யூடியூப் என்பதை ஒப்புக்கொள்கிறேன், நான் முதலில் எழுதியபோது அந்தப் பக்கத்தை விட்டுவிட்டேன்.

ஒன்றே ஒன்று சேர்க்கலாம். அந்தக் காலத்தில் நல்ல விஷயமும் நடந்தது, 1992 கடைசியிலிருந்து பாட்டின் ஓரத்தில் பாடகர், ஆல்பம், நிறுவனம் பெயரோடு இயக்குநர் பெயரையும் எம்டிவி போட ஆரம்பித்தது. அதுவரை யார் எடுத்தார்கள் என்றே ஜனங்களுக்குத் தெரியாது. பின்னாளில் சினிமா எடுத்த ஸ்பைக் ஜோன்ஸ், மிஷல் கோன்ட்ரி பெயரெல்லாம் நான் முதலில் பார்த்தது அந்த மூலையில்தான், சினிமா தியேட்டரில் இல்லை. ஒரு வரி எழுத்து, அதற்கு என்ன செலவாகியிருக்கும் சொல்லுங்கள்?

அரைத்தூக்கம்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மறுபடியும் அந்த முதல் பாட்டைப் போட்டுப் பார்த்தேன், 'வீடியோ கில்ட் தி ரேடியோ ஸ்டார்'. அது 1979-லேயே எடுத்த வீடியோ என்று தெரியாமல், எம்டிவி திறப்பு விழாவுக்கென்று ஸ்பெஷலாக எடுத்தது என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டேப் சுற்றி:

இன்னொரு தடவை போட்டு, பின்னால் கறுப்பு உடையில் கீபோர்டு வாசிக்கிறவரைப் பாருங்கள், ஒரு நொடிதான் தெரிவார். பின்னாளில் ஹாலிவுட் படங்களுக்கு இசையமைத்த ஹான்ஸ் ஸிம்மர்.

ரிமோட் ராணி:

என்னது!! இருங்கள், போட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.